டிரையரின் மறுமுனை: நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியின் தனியார் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இண்ட்கோசர்வ் இணையத்தின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் மேலாளர்களே, டீ மேக்கர்களே, எலக்ட்ரீஷியன்களே,

பச்சை இலை வாங்கும் தராசுக்குச் சட்டப்படி முத்திரை உண்டு. மின்னணுத் தராசு என்றால் ஆண்டுக்கொரு முறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அரை கிலோ வித்தியாசம் தெரிந்தாலும் இலை கொண்டுவந்தவர் அங்கேயே நின்று கேட்பார். அதே இலை வாடி, அரைபட்டு, நொதித்து டிரையருக்குள் போகும்போது பேனலில் 128 என்றோ 131 என்றோ சிவப்பாக எரியும் எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் விறகு போடுகிறோம். அதைப் பார்த்துத்தான் இலையின் ஓட்டத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். தூளின் ஈரம் 3 விழுக்காட்டை ஒட்டி நிற்பதும் நிற்காததும் பெரிதும் அதைப் பொறுத்தது. குன்னூர் ஏலத்தில் தூளுக்குக் கிடைக்கும் விலையிலும், அதைச் சார்ந்து விவசாயிக்குப் போகும் இலை விலையிலும் அந்த எண்ணுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதற்கு முத்திரை மட்டும் கிடையாது.

இந்தக் குறை தெரிந்தவர்கள் இப்போது டேட்டா லாக்கர் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். எட்டு சேனல், பதினாறு சேனல், 24 பிட், கைப்பேசியிலேயே வரைபடம் என்று விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். வாங்குவதில் தவறில்லை. ஆனால் பழைய தெர்மோகப்பிளையும் பழைய கேபிளையும் அப்படியே வைத்துவிட்டுப் பேனலில் மட்டும் புதுப்பெட்டி மாட்டினால், பழைய பிழையே ஒரு தசமப் புள்ளியோடு பதிவாகும். தெர்மோகப்பிள் அளவீட்டின் துல்லியம் பெட்டியின் பிட் கணக்கில் இல்லை. கம்பியின் மறுமுனையில், அதாவது தெர்மோகப்பிள் உலோகம் முடிந்து செம்பு தொடங்கும் இடத்தில், நிற்கும் சூட்டை நாம் எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவான உண்மைதான் இது. என்றாலும் நம் மலையில் இதன் பாதிப்பு சமவெளியைவிட அதிகம். ஏன் என்பதை ஆதாரத்தோடு சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து இரு முனைகளையும் வெவ்வேறு சூட்டில் வைத்தால் சுற்றில் மின்விளைவு உண்டாகிறது என்பதை 1821-இல் ஜெர்மானிய அறிஞர் சீபெக் கண்டார். அப்படி இணைத்த இரு கம்பிகள்தான் தெர்மோகப்பிள். இங்கே கவனிக்க வேண்டியது, தெர்மோகப்பிள் சூட்டை அளப்பதில்லை, இரு முனைகளுக்கு இடையே உள்ள சூட்டு வித்தியாசத்தை மட்டுமே அளக்கிறது. டிரையர்களில் பரவலாகப் பயன்படும் கே வகையில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கிடைப்பது சுமார் 41 மைக்ரோ வோல்ட். அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் 41 பங்கு. மறுமுனை 0 டிகிரியில் இருந்தால் 130 டிகிரிக்கு 5.328 மில்லி வோல்ட் என்பது உலகம் ஏற்ற அட்டவணை. ஆனால் பேனலில் யாரும் பனிக்கட்டி வைத்திருப்பதில்லை. அதனால் லாக்கர் தன் டெர்மினல் பக்கத்தில் ஒரு சின்ன உணரியை வைத்து, அந்த இடத்தின் சூட்டை அளந்து, அதற்கான மில்லி வோல்ட்டைக் கூட்டிக்கொள்கிறது. கோல்டு ஜங்ஷன் காம்பன்சேஷன் என்பது இதுதான். நீங்கள் பார்க்கும் 130, இரண்டு அளவீடுகளின் கூட்டுத்தொகை. ஒன்று டிரையரில் நடக்கிறது, மற்றொன்று பேனலுக்குள் நடக்கிறது. டிரையர் பக்கத்து முனையை எல்லோரும் துடைத்துப் பார்க்கிறார்கள். பேனல் பக்கத்து முனை இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இனி நம் மலையின் நிலைமைக்கு வருவோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகைப் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழும். பகலில் வெயில் ஏறியதும் அதே பேனல் அறை 20 டிகிரியைத் தாண்டிவிடும். டிரையர் சுவரில் இருக்கும் தெர்மோகப்பிளின் தலைப்பெட்டி, அதாவது கம்பி வெளியே வந்து கேபிளோடு சேரும் இடம், ஓட்டத்தில் 50 டிகிரிக்குப் போவது சாதாரணம். அந்தத் தலைப்பெட்டியிலிருந்து பேனல் வரைக்கும், தெர்மோகப்பிளின் மின்விளைவையே தரும் உலோகங்களாலான காம்பன்சேட்டிங் கேபிளோ எக்ஸ்டென்ஷன் கேபிளோ போக வேண்டும். எலி கடித்ததாலோ தீய்ந்ததாலோ யாராவது அதை எடுத்துவிட்டு, தலைப்பெட்டி முதல் பேனல் வரை கையில் கிடைத்த சாதாரணச் செம்புக் கம்பியைப் போட்டு இழுத்துவிட்டால் மறுமுனை தலைப்பெட்டிக்கு நகர்ந்துவிடும். லாக்கருக்கு அது தெரியாது. அது தன் டெர்மினல் சூட்டைத்தான் கூட்டும். உள்ளே உண்மையில் 130 டிகிரி, தலைப்பெட்டி 50, பேனல் காலை ஆறு மணிக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி கணக்குப் போட்டால் திரையில் ஏறத்தாழ 90 வரும். பிற்பகலில் பேனல் 25-க்கு வந்ததும், டிரையரில் எதுவுமே மாறாதபோது, திரை 105 காட்டும். நாற்பது டிகிரி குறைவு என்றால் யாருக்கும் சந்தேகம் வரும், உடனே கண்டுபிடித்துவிடுவோமே என்று நீங்கள் நினைக்கலாம். கண்டுபிடிப்பதில்லை, சரிக்கட்டிவிடுகிறோம். கன்ட்ரோலரின் ஆஃப்செட் என்ற இடத்தில் 30 என்று போட்டுவிட்டால் எண் பார்க்க அழகாகிவிடும். அதற்குப் பிறகு காலையில் 120, பிற்பகலில் 135. இந்த அளவு ஏற்ற இறக்கத்துக்கு விறகு போடுபவர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவோம். டேம்பரையோ விறகு ஊட்டியையோ கன்ட்ரோலரே தானாக இயக்கும் இடமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். காலையில் திரையில் 130 கொண்டுவர அது உள்ளே 140 வரை ஏற்றும், பிற்பகலில் 125-க்கு இறக்கும். வரைபடம் மட்டும் நேர்கோடாக இருக்கும்.

முழு நீளத்துக்கும் சரியான கேபிள் போட்ட இடங்களிலும் இந்தப் பிழை சிறிய உருவில் ஒளிந்திருக்கும். பேனல் கட்டும்போது கேபிளைக் கீழேயுள்ள டெர்மினல் வரிசையில் முடித்து, அங்கிருந்து மேலே கன்ட்ரோலருக்கு ஒரு மீட்டர் செம்புக் கம்பி போட்டுவிடுவார்கள். பேனலின் அடிப்பகுதியில் குளிர்ந்த காற்று நுழையும். மேல்பகுதியில் மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யும் பவர் சப்ளையும் சூடாக இருக்கும். இரண்டுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் என்றால் திரையில் அதே எட்டு டிகிரி கூடுதலாகத் தெரியும். காம்பன்சேட்டிங் கேபிளின் இரண்டு கம்பிகளை இரு முனையிலும் மாற்றிக் கட்டுவது இன்னொரு வகை. ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும், உடனே பிடிபடும். இரு முனையிலும் மாறியிருந்தால் எண் ஒழுங்காக ஏறும், இறங்கும். ஆனால் தலைப்பெட்டிக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு குறைத்துக் காட்டும். நிறத்தை நம்பிக் கட்டினால் இது எளிதாக நடக்கும். அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சளும் சிவப்பும், அதில் சிவப்புதான் எதிர்மின். பன்னாட்டு முறையில் பச்சையும் வெள்ளையும். சிவப்பு என்றாலே பாசிட்டிவ் என்று பழகிய கைக்கு இது ஒரு கண்ணி.

இதெல்லாம் சேர்ந்து என்ன நஷ்டம்? வெளிக்காற்று 20 டிகிரியில் இருக்கும்போது அதை 130-க்குச் சூடாக்க 110 டிகிரி ஏற்ற வேண்டும். திரை பத்து டிகிரி குறைத்துக் காட்டுவதால் உண்மையில் 140-க்கு ஏற்றினால் அதே அளவு காற்றுக்குச் சுமார் 9 விழுக்காடு கூடுதல் வெப்பம். விறகும் அந்தக் கணக்கில்தான் போகும். தேயிலை வாரியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தென்னிந்தியச் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளின் எரிபொருள் செலவைக் குறைக்க ஒரு திட்டமே நடத்தின. ஹீட்டரை மாற்றினாலும் ஃபேனை மாற்றினாலும் எவ்வளவு மிச்சமானது என்று சொல்ல நம்பத்தக்க சூட்டுக் கணக்கு வேண்டும். தரத்தின் பக்கம் இதைவிடக் கடுமை. சி.டி.சி. தூளுக்கான ஃப்ளூயிட் பெட் டிரையரில் உள்ளே போகும் காற்று பெரும்பாலும் 120 முதல் 140 டிகிரி வரை, அங்கே கொஞ்சம் இடமிருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் தேயிலை ஓடும் பழைய சங்கிலித் தட்டு டிரையரில் வெளியேறும் காற்றை 50 முதல் 55 டிகிரிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய பாடம். கீழே போனால் இலை காய்வதற்குப் பதில் வெந்துபோகும், சுவைப்பவர் ஸ்டூட் என்று எழுதிவிடுவார். மேலே போனால் மேல்தோல் மட்டும் முறுகி உள்ளே ஈரம் தங்கும். ஐந்து டிகிரி வாசல். அதைக் காவல் காக்க வைத்திருக்கும் இரண்டாம் வகுப்பு கே தெர்மோகப்பிளுக்குப் பன்னாட்டுத் தர வரையறை அனுமதிக்கும் பிழை மட்டும் கூட்டியோ குறைத்தோ 2.5 டிகிரி. அதே வகுப்புக் கேபிளுக்கு இன்னொரு 2.5. டெர்மினல் உணரிக்கு ஒரு டிகிரி. மூன்றையும் புள்ளியியல் முறைப்படி சேர்த்தால் சுமார் 3.7 டிகிரி, கூடியோ குறைந்தோ. எல்லாமே ஒழுங்காக இருக்கும்போதே காவலாளி வாசலைவிடப் பெரியவராக இருக்கிறார். நீலகிரியின் சிறந்த தேயிலை வருவது பனிக்காலத்தில் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் மிகுதியாகி, மறுமுனை அதிகம் அலையும் மாதங்களும் அவையேதான்.

டீ மேக்கர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள். மூக்கும் உள்ளங்கையும் இருக்கும்போது மீட்டர் எதற்கு, எங்கள் டிரையரில் 105 காட்டும்போதுதான் தூள் நன்றாக வரும், அது 105 ஆக இருந்தாலென்ன 130 ஆக இருந்தாலென்ன, ஒவ்வொரு நாளும் அதே எண்ணில் வைத்தால் போதும் என்பார்கள். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. கைத்திறனை நான் குறைத்துப் பேசவும் இல்லை. ஒரு கருவி எப்போதும் ஒரே அளவில் தவறு செய்தால் அதோடு வாழலாம் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன பிழைகளில் எதுவுமே ஒரே அளவில் நிற்பதில்லை. பேனல் அறையின் கதவு திறந்திருக்கிறதா, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, பக்கத்து ஹீட்டர் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அவை நகரும். அப்போது 105 என்ற எண் காலையில் ஒரு சூட்டையும் மாலையில் வேறொரு சூட்டையும் குறிக்கும். உங்கள் கை ஒவ்வொரு வேளையும் அந்த நகர்வைச் சரிசெய்துகொண்டிருப்பதால்தான் தூள் தப்புகிறது. அந்தக் கை ஓய்வு பெற்றால் அடுத்தவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்? குந்தா தொழிற்சாலைக்காரர் கோத்தகிரிக்காரரிடம் எத்தனை டிகிரியில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு இன்றைக்கு ஒரு பொருளும் இல்லை. இதே குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. முத்தடுப்பு ஊசி போன்ற மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதில் அங்கே யாரும் உள்ளங்கையை நம்புவதில்லை.

லாக்கரை விற்பவர் பிட் கணக்கோடு வருவார் என்று சொன்னேன். அந்தக் கணக்கை அவரிடம் முழுவதும் கேளுங்கள். விலை மலிவான ஆர்டுயினோ பலகையின் 10 பிட் உள்ளீடு 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லி வோல்ட். கே தெர்மோகப்பிளை நேராக அதில் கட்டினால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் 100 டிகிரிக்கு மேல் போய்விடும். 16 பிட் கருவி என்றாலும் அதன் அளவெல்லை கூட்டல் கழித்தல் 10 வோல்ட்டாக இருந்தால் ஒரு படி 305 மைக்ரோ வோல்ட், அதாவது 7 டிகிரிக்கு மேல். அதே 16 பிட், எல்லை கூட்டல் கழித்தல் 80 மில்லி வோல்ட் என்றால் ஒரு படி 0.06 டிகிரிதான். ஆக பிட் எத்தனை என்று கேட்பதைவிட, எந்த எல்லையில் எத்தனை என்று கேட்க வேண்டும். தெர்மோகப்பிளுக்கென்றே செய்த எந்தக் கருவியிலும் இந்தப் படி இன்று பிரச்சினையே இல்லை. பதினாறுக்கு மேல் போனால் டிரையரின் கணக்குக்குப் பயனும் இல்லை. 0.01 டிகிரி பிரித்துக் காட்டும் கருவியின் டெர்மினல் உணரி இரண்டு டிகிரி பிழையோடு இருக்கலாம். விவரத்தாளில் டெர்மினல் பிழை தனி வரியாகத்தான் இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில். பணம் கொடுக்கும் முன் தேட வேண்டிய வரி அது.

மின் இரைச்சலையும் ஈரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மில்லி வோல்ட் சமிக்ஞை ஓடும் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் கட்டக் கூடாது. முறுக்கிய இரட்டைக் கம்பியாக, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, லாக்கரில் டிஃபரன்ஷியல் உள்ளீட்டில் கொடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 20 மில்லி விநாடியின் முழு மடங்குகளில் சராசரி எடுக்கும்படி கருவியை அமைத்தால் இரைச்சலில் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். டிரையரின் சூடு நிமிடக் கணக்கில் மாறுவது. விநாடிக்கு ஆயிரம் முறை அளந்து இரைச்சலைச் சேகரிப்பதில் லாபமில்லை. கண்ணாடி இழை உறை போட்ட கேபிள் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். நனைந்த இழையில் இரு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரியாகிவிடும். ஜூன் முதல் டிசம்பர் வரை மூடுபனியும் மழையும் மாறிமாறி வரும் ஊரில் வெளியே ஓடும் பகுதிக்கு டெஃப்லான் அல்லது பி.வி.சி. உறைதான் ஏற்றது. இன்னொன்று, கம்பி அறுந்துவிட்டதா என்று பார்க்கப் பல லாக்கர்கள் ஒரு மிகச் சிறு மின்னோட்டத்தைத் தெர்மோகப்பிள் வழியே அனுப்பும். அரை மில்லி மீட்டர் கே கம்பி ஒரு மீட்டர் இணைக்கு சுமார் 5 ஓம். முப்பது மீட்டருக்கு 150 ஓம் ஆகிவிடும். அந்த மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால் அதுவே மூன்றரை டிகிரி பிழை. தடிமனான கேபிள் போடுங்கள், அல்லது அந்த வசதியைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குங்கள்.

சரிபார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். முதலில் லாக்கரின் ஒரு சேனலில் தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, பிளஸ், மைனஸ் இரண்டு திருகுகளையும் ஒரு சிறு செம்புக் கம்பியால் இணையுங்கள். இப்போது திரையில் வர வேண்டியது டெர்மினலின் சூடு. பக்கத்தில் ஒரு நல்ல வெப்பமானியை ஒட்டி, பேனல் கதவைச் சாத்திக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெப்பமானி 21 காட்டும்போது திரை 26 காட்டினால் எல்லாச் சேனலிலும் ஐந்து டிகிரி கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்தது பனிக்கட்டி. தெர்மாஸ் பிளாஸ்கில் பொடித்த பனிக்கட்டியை நிறைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் இரண்டு கட்டி மிதக்கவிட்டால் ஆகாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அடர்த்தி மிகுந்தது என்பதால் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கிவிடும். உணரியின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆழமாவது முனை உள்ளே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எண் 0-வில் நிற்க வேண்டும். இந்த 0-வை மலையின் உயரம் பாதிக்காது, நூறில் ஒரு டிகிரிகூட நகராது.

இத்தோடு நிறுத்தினால் மிக முக்கியமான பிழை தப்பித்துவிடும். டிரையரிலிருந்து கழற்றியதும் தலைப்பெட்டியும் அறைச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. தலைப்பெட்டியும் பேனலும் ஒரே சூட்டில் இருக்கும்போது நடுவில் செம்புக் கம்பி இருந்தாலும் எண் சரியாகவே வரும். ஆகவே முனை பனிக்கட்டியில் இருக்கும்போதே, பழைய கேபிளைக் கழற்றாமல், தலைப்பெட்டியை ஒரு ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். சூடு பரவிச் சீரானதும் எண் மீண்டும் 0-வில் நிற்க வேண்டும். அது கீழே இறங்கி அங்கேயே நின்றால், மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து என்று போனால், வழியில் எங்கோ செம்பு இருக்கிறது, அல்லது கம்பி மாறியிருக்கிறது. தேடுங்கள், கட்டாயம் கிடைக்கும். பிறகு அதே காற்றைப் பேனலில் உள்ள டெர்மினல் மேல் காட்டுங்கள். அப்போது எண் துள்ளினால் டெர்மினலுக்கு மூடி போட வேண்டும், ஃபேன் காற்று நேரே படாமல் மறைக்க வேண்டும், சூடாகும் பவர் சப்ளையைத் தள்ளி வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் செய்யவேண்டிய வேலை இந்த மூடி.

மேல் எல்லைக்குக் கொதிநீரைப் பயன்படுத்துவோர் உண்டு. நம் மலையில் இதில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. முந்நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயர உதகையில் 92.5. கூடலூர்ப் பக்கம் ஆயிரம் மீட்டர் அளவில் இருப்பவர்களுக்கு 96.5-க்கு மேல். வானிலையால் காற்றழுத்தம் கொஞ்சம் கூடிக் குறைவதால் வரும் வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்திலொரு பங்கு அளவில்தான், அதை விட்டுவிடலாம். குன்னூரில் கொதிநீர் வைத்து, 94 காட்டிய சரியான கருவியை 100-க்குத் திருத்திவிட்டால் அன்று முதல் டிரையர் ஆறு டிகிரி குளிராக ஓடும், தூளில் ஈரம் தங்கும், பையில் போன பிறகுதான் தெரியும். உங்கள் தொழிற்சாலையின் உயரத்தைக் கண்டுபிடித்து, அதற்குரிய கொதிநிலையைப் பேனல் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். 0-விலும் கொதிநிலையிலும் கிடைத்த இரண்டு வித்தியாசங்களைக் கொண்டு திருத்தினால், அலையும் பிழைகளை முன்பே நீக்கிவிட்ட சுற்றில், டிரையர் எல்லையில் ஒரு டிகிரிக்குள் நிற்க முடியும். வரிசை முக்கியம். ஆஃப்செட் கடைசியில் வர வேண்டியது. முதலிலேயே போட்டால் அது நோயை மறைக்கும்.

எங்களிடம் சான்றிதழ் இருக்கிறதே, தணிக்கைக்காக ஆண்டுதோறும் கோயம்புத்தூருக்கு அனுப்பி அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் வாங்குகிறோமே என்று மேலாளர்கள் கேட்கலாம். அந்தச் சான்றிதழ் பொய்யல்ல. ஆனால் பல இடங்களில் அனுப்பப்படுவது தெர்மோகப்பிள் குச்சி மட்டும், அல்லது கன்ட்ரோலர் மட்டும். கேபிளும் டெர்மினலும் தொழிற்சாலையிலேயே இருந்துவிடுகின்றன. பிழை உட்கார்ந்திருப்பது அங்கே. ஆய்வுக்கூடத்துக்காரரைக் கையடக்கச் சூட்டு அடுப்போடு தொழிற்சாலைக்கு வரவழைத்து, முனை முதல் திரை வரை முழுச் சுற்றையும் ஒன்றாக 50, 100, 130 டிகிரிகளில் சோதிக்கச் சொல்லுங்கள். அருகருகே உள்ள நான்கைந்து தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் செலவு பங்காகிவிடும். கூட்டுறவு இணையம் இதை ஒரு சுற்றறிக்கையில் முடித்துவிடலாம்.

தெர்மோகப்பிளே வேண்டாம், பி.டி.100 போட்டுவிடலாமே என்பவர்களோடு எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடு. பிளாட்டினம் மின்தடை உணரிக்கு மறுமுனை என்ற சிக்கலே இல்லை. ஏ வகுப்பு உணரியின் பிழை 130 டிகிரியில் அரை டிகிரிக்கும் குறைவு. வெளியேறும் காற்றுக்கும், நொதிக்கும் அறைக்கும், இலை வாட்டும் டிரஃபுக்கும் அதுவே சரி. வாட்டுமிடத்தில் உலர் குமிழ் 25, ஈரக் குமிழ் 20 என்றால் குன்னூரின் காற்றழுத்தத்தில் ஈரப்பதம் 65 விழுக்காடு. ஈரக் குமிழ் ஒரு டிகிரி தவறி 19 காட்டினால் 59 ஆகிவிடும். இரண்டரை டிகிரி பிழை அனுமதிக்கப்பட்ட இரண்டு தெர்மோகப்பிள்களை வைத்து அங்கே கணக்குப் பார்ப்பது வீண்வேலை. ஆனால் பி.டி.100-ஐ இரண்டே கம்பியில் இழுத்தால் கேபிளின் மின்தடையும் சூடாகக் கணக்கில் ஏறிவிடும். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் வித்தியாசம் என்பதால் மூன்று கம்பி கட்டாயம். ஹீட்டரின் புகைக்குழாய்க்கும் அடுப்புக்கும் தெர்மோகப்பிள்தான் ஏற்றது. உள்ளே போகும் காற்றிலும், ஏற்கெனவே நல்ல கேபிள் இருக்கும் இடத்தில், முதல் வகுப்புக் குச்சியாக மாற்றி மறுமுனையைச் சரிசெய்தால் போதும். எந்த உணரியாக இருந்தாலும் ஹீட்டர் குழாயை நேராகப் பார்க்கும் இடத்தில் பொருத்தாதீர்கள். காற்றின் சூட்டோடு குழாயின் கதிர்வீச்சும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும்.

பனிக்காலம் தொடங்க டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு துண்டுச் செம்புக் கம்பி, ஒரு பிளாஸ்க் பனிக்கட்டி, ஒரு ஹேர் டிரையர் எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனும் டீ மேக்கரும் சேர்ந்து பேனல் முன் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கிடைத்த எண்களை, காலை எண்ணைத் தனியாகவும் பிற்பகல் எண்ணைத் தனியாகவும், டிரையர் பதிவேட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த லாக்கருக்கான விலைப்புள்ளி கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.